மீட்கப்பட்டோரின் கீழ்ப்படிதல்

(வெள்ளிவிழாவையொட்டி நடைபெற்ற இளைஞர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இருபத்தைந்து ஆண்டுகளை நிறைவு செய்துள்ள நம் சங்கத்தின் விழாவை வெள்ளிவிழா என்கிறோம். ஆலயங்களிலும் அழைப்பிதழ்களிலும் ஜூபிலி என்றும் சொல்கிறோம். இச்சொல் எபிரேய மொழியிலிருந்து வந்தது. ஆட்டுக்கடாவின் கொம்பினால் ஊதப்படும் எக்காளத்தை அது முதலில் குறித்தது. லேவியராகமம் 25-ஆம் அதிகாரத்தின்படி, ஐம்பதாம் ஆண்டில் அந்த எக்காளம் ஊதப்படும்போது, கடனுக்காகக் கைமாறிய நிலம் அதற்குரிய குடும்பத்திற்குத் திரும்பவேண்டும். வறுமையினால் தன்னையே விற்றுக்கொண்டவன் விடுதலை பெற்று வீடு திரும்பவேண்டும். நிலமும் விடுதலையுமே ஜூபிலியின் உட்பொருள். நாம் இப்பொழுது அதன் பாதிவழியில் நிற்கிறோம். எனவே, எஞ்சிய பாதியை எவ்வாறு நடக்கப்போகிறோம் என்று எண்ணிப்பார்ப்பது இவ்விழாவிற்குப் பொருத்தமாகும்.

விசுவாசம், தேவனுடைய கற்பனைகளுக்குக் கீழ்ப்படிதல், பெற்ற இரட்சிப்பை வாழ்ந்து காட்டுதல் ஆகியவற்றைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறார்கள். இத்தலைப்பைக் கேட்டவுடன் இளைஞர்களின் உள்ளத்தில் ஒரு கேள்வி எழும் என்பதை நான் அறிவேன். அது நியாயமான கேள்வி. "தலைமுறை தலைமுறையாகக் கீழ்ப்படி, கைகட்டு, குரல் தாழ்த்து என்றே நமக்குச் சொல்லப்பட்டது. பண்ணையாருக்குக் கீழ்ப்படிந்தோம், மணியக்காரருக்குக் கீழ்ப்படிந்தோம், ஊருக்கும் தெருவிற்கும் கீழ்ப்படிந்தோம். இப்பொழுது படித்துத் தலைநிமிரும் வேளையில், தேவனுக்குக் கீழ்ப்படி என்று மேலும் ஓர் எஜமானை எங்கள்மேல் வைக்கிறீர்களே, இது என்ன நீதி?" என்பதே அக்கேள்வி. இதற்கு விடை சொல்லாமல் கீழ்ப்படிதலைப் பற்றி நம் மக்களிடம் பேசுவதற்கு எவருக்கும் உரிமையில்லை.

மீட்பு முந்தியது, கற்பனை பிந்தியது

பத்துக் கற்பனைகள் யாத்திராகமம் 20-ஆம் அதிகாரத்தில் உள்ளன. அவை எந்தச் சொற்களோடு தொடங்குகின்றன என்பதைக் கவனியுங்கள். இதைச் செய், இதைச் செய்யாதே என்று அவை தொடங்கவில்லை. எகிப்திலே அடிமைகளாயிருந்த உங்களை வெளியே கொண்டுவந்தவர் நானே என்று தேவன் தம்மை அறிமுகப்படுத்திக்கொண்ட பிறகே முதற்கட்டளை வருகிறது. எகிப்தைவிட்டுப் புறப்பட்ட மூன்றாம் மாதத்தில்தான் இஸ்ரவேலர் சீனாய் மலையடிவாரத்தை வந்தடைந்தனர். அதற்குள் செங்கடலைக் கடந்தாயிற்று, பார்வோனின் இரதங்கள் மூழ்கிவிட்டன, மன்னா பொழிந்துவிட்டது. விடுதலை முழுவதும் முடிந்தபின் கற்பனை கொடுக்கப்பட்டது.

இந்த வரிசை மாறினால் விசுவாசமே மாறிவிடும். முதலில் கற்பனைகளைக் கைக்கொள், தகுதி பெற்றபின் விடுவிப்பேன் என்று தேவன் சொல்லியிருந்தால், அவரும் நாம் கண்ட எஜமான்களில் ஒருவராகவே இருந்திருப்பார். தூய்மையாகு, பிறகு சேர்த்துக்கொள்கிறேன் என்று நம்மிடம் சொன்னவர்கள் பலர். ஆனால் நாம் எவ்வளவு தூய்மையானபோதும் அவர்கள் சேர்த்துக்கொள்ளவில்லை. தேவன் அவ்வாறு சொல்லவில்லை. அடிமைகளின் கூக்குரலைக் கேட்டு, அவர்கள் இருந்த நிலையிலேயே மீட்டார். பிறகுதான், மீட்கப்பட்டவர்கள் மீண்டும் எகிப்தைக் கட்டாதிருக்கும்பொருட்டு, வாழும் முறையைக் கற்பித்தார்.

நமக்கு நெருக்கமான ஓர் உவமையால் இதை விளக்குகிறேன். 1891-இல் செங்கற்பட்டு மாவட்ட ஆட்சியராயிருந்த டிரமென்ஹீர் என்பவர், அம்மாவட்டத்துத் தாழ்த்தப்பட்ட மக்களின் நிலையை ஆராய்ந்து அரசுக்கு ஓர் அறிக்கை அளித்தார். ஆடம் ஆண்ட்ரூ, வில்லியம் கூடி போன்ற மிஷனரிமாரும் அக்காலத்தில் இம்மக்களின் நிலவுரிமைக்காக வாதாடினர். இவற்றின் பயனாக 1892-இல் அரசாணை பிறந்தது. அதன்படி ஒதுக்கப்பட்ட நிலங்களையே பஞ்சமி நிலம் என்கிறோம். பத்தாண்டுகளுக்கு அந்நிலத்தை விற்கலாகாது. அதன்பின்னும் தாழ்த்தப்பட்டோர் அல்லாதாருக்கு விற்கலாகாது என்பது நிபந்தனை.

அன்று கையில் பட்டா பெற்ற நம் பாட்டன், அதை உழுது சம்பாதிக்கவில்லை. அது அவனுக்குக் கொடுக்கப்பட்டது. ஆனால் பட்டாவைப் பெட்டியில் வைத்துப் பூட்டினால் நெல் விளையுமா? கல்லைப் பொறுக்கி, வரப்புக் கட்டி, உழுது விதைத்தவனுடைய பிள்ளைகளே அந்நிலத்தின் பயனை உண்டார்கள். உழாமல் விடப்பட்ட நிலமோ, வரப்போரம் காத்திருந்தவனின் கைக்குப் போயிற்று. நிபந்தனையை மீறி அபகரிக்கப்பட்ட நிலங்களும் உண்டு. அக்கொடுமையை நான் மறைக்கவில்லை. உவமையின் பொருள் இதுதான்: இரட்சிப்பு இலவசமாகக் கொடுக்கப்பட்ட பட்டா, கீழ்ப்படிதல் அந்நிலத்தில் நாம் செய்யும் உழவு.

பிலிப்பியருக்கு எழுதிய நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில் பவுல் கற்பிப்பதும் இதுவே. பெற்ற இரட்சிப்பைப் பயபக்தியோடு முழுமைக்குக் கொண்டுவர உழையுங்கள் என்கிறார். அடுத்த வசனத்திலேயே, அந்த விருப்பத்தையும் செயலையும் உங்களுக்குள் உண்டாக்குகிறவர் தேவனே என்கிறார். உழைப்பு நம்முடையது; அதற்கான வலிமை அவருடையது.

பிலிப்பி நகரத்துச் சபை எவ்வாறு தோன்றியது என்பதை அப்போஸ்தலர் நடபடிகள் 16-ஆம் அதிகாரம் சொல்கிறது. பவுலையும் சீலாவையும் பிரம்பால் அடித்துச் சிறையில் அடைத்தனர். நள்ளிரவில் நிலம் அதிர்ந்து கதவுகள் திறந்தன. இரட்சிக்கப்பட என்ன செய்யவேண்டும் என்று சிறைக்காவலன் நடுநடுங்கிக் கேட்டான். விசுவாசி என்பதே அவனுக்குக் கிடைத்த விடை. அதன்பின் அவன் செய்த முதற்காரியம் என்ன? அந்த இரவிலேயே, அந்த நேரத்திலேயே, கைதிகளின் காயங்களைக் கழுவினான். பின்பு ஞானஸ்நானம் பெற்றான். அவர்களைத் தன் வீட்டிற்கு அழைத்துச் சென்று உணவு பரிமாறினான். சற்றுமுன் தொழுமரத்தில் மாட்டிவைத்தவர்களின் புண்ணைத் தொட்டுக் கழுவுதலும், தன் பந்தியில் அமர்த்துதலும் இரட்சிப்பின் முதற்கனிகளாயின. இதைவிட எளிய விளக்கம் வேறென்ன வேண்டும்?

பார்வோனின் கட்டளையும் தேவனின் கற்பனையும்

இனி, மேலும் ஓர் எஜமானா என்ற கேள்விக்கு வருவோம். பார்வோனும் கட்டளையிட்டான், தேவனும் கட்டளையிட்டார். இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள்.

செங்கல் அறுக்க வைக்கோல் தரமாட்டேன். ஆனால் கணக்கில் ஒரு கல்லும் குறையலாகாது என்பது பார்வோனின் கட்டளை. ஓய்வு கேட்டவர்களைச் சோம்பேறிகள் என்று ஏசினான். சூரியன் உதிக்குமுன் இறங்கி, மறைந்தபின் கரையேறிய நம் முன்னோர்க்கு அந்தக் குரல் பழக்கமானதே. சீனாயில் ஒலித்த நான்காம் கற்பனையோ ஆறு நாள் வேலை, ஏழாம் நாள் ஓய்வு என்று விதித்தது. அந்த ஓய்வு வீட்டுத் தலைவனுக்கு மட்டுமன்று. வேலைக்காரனுக்கும் வேலைக்காரிக்கும், அந்நியனுக்கும், மாட்டிற்கும் உரியது. அதே கற்பனை உபாகமம் 5-ஆம் அதிகாரத்தில் மீண்டும் சொல்லப்படும்போது, அதற்கான காரணமும் கூறப்படுகிறது. நீயும் அடிமையாயிருந்தாய் என்பதை நினைவில் வை என்பதே அக்காரணம்.

கூலியைப் பற்றிய கட்டளையையும் பாருங்கள். கூலிக்காரனின் கூலியை விடியுமட்டும் உன்னிடத்தில் வைத்துக்கொள்ளாதே என்கிறது லேவியராகமம் 19. ஏழையின் நம்பிக்கை அந்தக் கூலியின்மேல் இருக்கிறது, ஆகையால் பொழுது சாயுமுன் கொடுத்துவிடு என்கிறது உபாகமம் 24. முன்னோர் நாட்டிய எல்லைக்கல்லை நகர்த்தாதே என்கிறது உபாகமம் 19. கள்ள மரக்காலையும் கள்ளத் தராசையும் விலக்கு என்கிறது லேவியராகமம். களத்துமேட்டில் அளந்த மரக்காலுக்கும் கூலிக்கு அளந்த மரக்காலுக்கும் இருந்த வேற்றுமையை அறிந்த நம் மக்களுக்கு, இக்கட்டளைகள் யாரைக் காக்க வந்தவை என்று விளக்கவேண்டியதில்லை.

ஆகவே, தேவனுக்குக் கீழ்ப்படிதல் மனிதனுக்கு அடிமைப்படுதலின் தொடர்ச்சி அன்று, அதன் முடிவு. யாத்திராகமத்தின் முதல் அதிகாரத்தில் சிப்பிராள், பூவாள் என்னும் இரு மருத்துவச்சிகள் வருகிறார்கள். பிறக்கும் ஆண்குழந்தைகளைக் கொல்லுங்கள் என்று அரசன் ஆணையிட்டான். அவர்கள் தேவனுக்குப் பயந்தபடியால் அரசனுக்குக் கீழ்ப்படியவில்லை. அவ்வளவு பெரிய பார்வோனின் பெயரை வேதாகமம் அங்கே எழுதவில்லை. இரண்டு ஏழை மருத்துவச்சிகளின் பெயர்களை எழுதி வைத்திருக்கிறது. எருசலேமில் ஆலோசனைச் சங்கத்தின் முன் நிறுத்தப்பட்ட பேதுருவும் பிற அப்போஸ்தலரும், மனிதரின் தடையைவிடத் தேவனின் கட்டளையே பெரிது என்று சொன்னதும் அதே அஞ்சாமையினால்தான்.

நம் முன்னோர் காட்டிய வழி

இது வேதாகமக் காலத்தோடு முடிந்துபோன கதை அன்று. இந்த மண்ணிலேயே நம்மவர் இவ்வாறு வாழ்ந்திருக்கிறார்கள்.

சீகன்பால்க் 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்தார். தமிழில் நான்கு சுவிசேஷங்களும் அப்போஸ்தலர் நடபடிகளும் 1714-இல் அங்கே அச்சாயின. அந்நூல் தஞ்சை அரசனின் படையில் பணிபுரிந்த இராஜநாயக்கன் என்னும் வீரரின் கைக்குக் கிட்டியது. அவர் நம் மக்களுள் ஒருவர். கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். அதை ஊன்றிப் படித்து, தரங்கம்பாடிச் சபையோடு இணைந்து, உபதேசியாராகித் தஞ்சைப் பகுதியில் உழைத்தார். தமிழ்நாட்டுச் சீர்திருத்தச் சபையின் முதல் இந்தியக் குருவாக ஆரோன் 1733-இல் அபிஷேகம் பெற்றார். அடுத்த குருவைத் தெரிந்தெடுக்கும் காலம் வந்தபோது இராஜநாயக்கனின் பெயரும் எண்ணப்பட்டது. ஆனால் அவருடைய கையிலிருந்து திருவிருந்தைப் பெறச் சாதிக் கிறிஸ்தவர்கள் இசையமாட்டார்கள் என்ற காரணத்தால் அவர் விலக்கப்பட்டார். 1741-இல் தியோகு என்பவர் குருவானார்.

இளைஞர்களே, இராஜநாயக்கன் என்ன செய்தார் என்று எண்ணுங்கள். உபதேசியாராகவே தம் பணியைத் தொடர்ந்தார். 1771-இல் காலமாகும்வரை அவர் குருவாகவில்லை. அவர் கீழ்ப்படிந்தது அந்தச் சாதிக் கட்டுப்பாட்டிற்கு என்று சொல்பவர் உண்டு. நான் அவ்வாறு கருதவில்லை. தம்மை அழைத்தவர் தரங்கம்பாடிச் சபையார் அல்லர், கர்த்தர் என்று அவர் நம்பியதனால்தான், சபையார் மறுத்த பின்னும் அழைப்பு அவருக்கு மறுக்கப்படவில்லை. ஆயினும் அவருடைய பொறுமை அச்சபையின் குற்றத்தை மன்னித்துவிடும் சான்றாகாது. அக்குற்றத்தை அது என்றும் சுட்டிக்காட்டும் சான்றாகும்.

தெற்கே மயிலாடியைப் பாருங்கள். சாம்பவர் குலத்தில் பிறந்த மகாராசன் என்பவர் சிதம்பரத்திற்கு யாத்திரை சென்றார். வழியில் தஞ்சாவூரில் சுவிசேஷத்தைக் கேட்டு, கோலாப் ஐயரிடம் ஞானஸ்நானம் பெற்று, வேதமாணிக்கம் என்னும் பெயரோடு ஊர் திரும்பினார். பெற்றதைத் தமக்குள் வைத்துக்கொண்டிருக்கவில்லை. உறவினருக்குக் கற்பித்தார், மிஷனரி ஒருவர் வரவேண்டுமென்று விடாது முயன்றார். அதன் பயனாக ரிங்கல்தௌபே 1806-இல் மயிலாடிக்கு வந்தார். 1809-இல் அங்கே ஆலயம் எழுந்தது, பள்ளியும் தொடங்கியது. அப்பள்ளி பின்னர் நாகர்கோவிலுக்கு மாறி, ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரியாக வளர்ந்தது. 1816-இல் ரிங்கல்தௌபே விடைபெற்றபோது சபைகளின் பொறுப்பை வேதமாணிக்கத்திடமே ஒப்படைத்துச் சென்றார்.

தென்திருவிதாங்கூரில் எல்லாச் சமூகத்தாருக்கும் பயன்பட்ட ஒரு பெரும் கல்விப்பணிக்கு, நம் இனத்து மனிதர் ஒருவரின் கீழ்ப்படிதல் வாசலாயிருந்தது. மிஷனரி வந்து நம்மைக் கண்டுபிடித்தார் என்று எழுதுவது வழக்கம். மயிலாடியில் நடந்ததோ வேறு. நம்மவர் தேடிச் சென்று கேட்டார், திரும்பி வந்து சொன்னார், பிறகு மிஷனரியையும் வரவழைத்தார். இதை நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள்.

திருச்சபையின் கீழ்ப்படியாமை

கற்பனை நமக்கு மட்டும் கொடுக்கப்படவில்லை, திருச்சபைக்கும் கொடுக்கப்பட்டது. யாக்கோபு தம் நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில், பொன்மோதிரம் அணிந்தவனுக்கு நல்ல இருக்கையும் கந்தை உடுத்தவனுக்குக் காலடியும் காட்டும் சபையைக் கடிந்துகொள்கிறார். அந்தியோகியாவில் புறவினத்து விசுவாசிகளோடு உண்டுவந்த பேதுரு, எருசலேமிலிருந்து சிலர் வந்ததும் பந்தியைவிட்டு விலகிக்கொண்டார். பவுல் எல்லார் முன்னிலையிலும் அவரைக் கண்டித்ததைக் கலாத்தியர் 2-ஆம் அதிகாரத்தில் காண்கிறோம். பந்தியில் யாரோடு அமர்கிறோம் என்பது சுவிசேஷத்தின் உண்மையைப் பொறுத்த காரியம் என்று பவுல் கருதினார்.

இருந்தும், நம் நாட்டுச் சபைகளில் நடந்ததென்ன? தனித்தனி இருக்கை, தனித்தனி வரிசை, தனித்தனிக் கல்லறை. கல்கத்தாப் பேராயர் தானியேல் வில்சன் 1833-இல், சபைகளில் சாதி வேற்றுமை தாமதமின்றி முடிவாகக் கைவிடப்படவேண்டும் என்று சுற்றுநிருபம் அனுப்பினார். அதை ஏற்க மனமின்றிச் சென்னை வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் சாதிக் கிறிஸ்தவர் பலர் ஆலயத்தைவிட்டு வெளியேறினர். திருவிருந்தைவிடச் சாதி அவர்களுக்குப் பெரிதாயிருந்தது. 2003-ஆம் ஆண்டிலும் தமிழகக் கத்தோலிக்க ஆயர்களிடம் போப் இரண்டாம் யோவான் பவுல் சாதிப் பாகுபாட்டைக் களையவேண்டுமென்று வற்புறுத்தவேண்டியிருந்தது. முதற்கற்பனை வேறு தேவர்கள் கூடாது என்கிறது. வில்சனின் காலத்தில் வெளியேறியவர்கள் எந்தத் தேவனின் முன்னே மண்டியிட்டார்கள் என்பதை அவர்களுடைய கால்களே காட்டின.

எனவே, சபையில் சம உரிமை கேட்கும் இளைஞனைக் கீழ்ப்படியாதவன் என்று எவரேனும் பழித்தால், தம்பி, நீ அஞ்சவேண்டாம். கற்பனையை மீறினவன் நீயல்லன். அன்போடு கேள், உறுதியோடு கேள், ஆலயத்தைவிட்டு ஓடிப்போகாமல் கேள். அது உன் தகப்பனின் வீடு.

நம் வீட்டில் கற்பனைகள்

பிறர் குற்றத்தைப் பேசுதல் எளிது. கற்பனைகளை நம் வீட்டிற்குள்ளும் கொண்டுவருவோம்.

தகப்பனையும் தாயையும் கனம்பண்ணவேண்டும் என்பது ஐந்தாம் கற்பனை. நம் பிள்ளைகள் நகரத்துக் கல்லூரிகளிலும் அலுவலகங்களிலும் இடம்பெறுகிறார்கள், மகிழ்ச்சி. ஆனால் நாற்று நட்ட தாயையும், பறையடித்த தகப்பனையும், செருப்புத் தைத்த தாத்தாவையும் நண்பர்களிடம் சொல்லக் கூசி, தெருப்பெயரை மாற்றிச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். அந்தக் கூச்சத்தை அவர்கள் உள்ளத்தில் விதைத்தது இந்தச் சமுதாயமே; அதை நான் அறிவேன். ஆயினும் அதை வளரவிடாதீர்கள். உங்கள் கல்விக் கட்டணம் அந்தக் கைகளிலிருந்து வந்தது. அவர்களை மறைப்பது ஐந்தாம் கற்பனையை மீறுவதாகும்.

பிறனுடையதை இச்சியாதே என்பது பத்தாம் கற்பனை. நம் முன்னோர் பலர் பெண்ணுக்குப் பரிசம் போட்டு மணம் முடித்தனர். இன்று படித்த மாப்பிள்ளைக்கு விலை பேசுகிறோம். சங்கத்தின் உதவியால் படித்து வேலை பெற்றவன், நம் இனத்து ஏழைத் தகப்பனிடமே நகையும் வண்டியும் கேட்பானேயாகில், பண்ணையார் போய் அவருடைய நாற்காலியில் இவன் அமர்ந்துகொண்டான் என்றே பொருள். குடியும் அத்தகையதே. உழைத்த கூலியைக் கடையில் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்புபவன், தன் பிள்ளையின் புத்தகத்தைத் திருடினவன் ஆகிறான். எட்டாம் கற்பனை அவனையும் சேர்த்தே பேசுகிறது.

மற்றொன்றையும் சொல்லவேண்டும். மேலிருப்பவன் நம்மைத் தாழ்த்துகிறான் என்று வருந்தும் நாமே, பறையர், பள்ளர், சக்கிலியர் என்று நமக்குள் படிகட்டி, சம்பந்தம் செய்யவும் உடனுண்ணவும் தயங்குகிறோம். தூய்மைப்பணி செய்யும் குடும்பத்துப் பிள்ளை நம் விடுதிக்கு வந்தால் முகம் சுளிப்பவர் நம்மில் ஒருவரும் இல்லையென்று துணிந்து சொல்ல இயலுமா? பேதுரு விலகிய பந்தியிலிருந்து நாமும் விலகலாகாது.

பொய்ச்சாட்சியும் 1950-ஆம் ஆண்டு ஆணையும்

ஒன்பதாம் கற்பனை பொய்ச்சாட்சியை விலக்குகிறது. இங்கே நம் இளைஞர்களின் மிகப்பெரிய நெருக்கடி எழுகிறது. அதைத் தொடாமல் போனால் என் பேச்சு நேர்மையானதாகாது.

1950 ஆகஸ்ட் 10-ஆம் நாள் வெளியான குடியரசுத் தலைவர் ஆணை, இந்து சமயத்தைத் தவிர வேறு சமயத்தைச் சார்ந்தவர் பட்டியல் சாதியினராகக் கருதப்படார் என்றது. 1956-இல் சீக்கியரும், 1990-இல் பௌத்தரும் திருத்தங்களால் சேர்க்கப்பட்டனர், கிறிஸ்தவர் சேர்க்கப்படவில்லை. ஆகையால் கிறிஸ்தவர் என்று எழுதினால் ஒரு வாசல் அடைபடுகிறது. சூசை என்னும் செருப்புத் தொழிலாளர் உச்சநீதிமன்றம் சென்ற வழக்கை நீங்கள் அறிவீர்கள். சாலையோரம் அமர்ந்து அவரைப்போலவே செருப்புத் தைத்த மற்றவர்களுக்கு அரசு இலவசமாகப் பெட்டிக்கடை வழங்கியது. கிறிஸ்தவர் என்ற காரணத்தால் அவருக்கு மறுக்கப்பட்டது. மதம் மாறியபின்னும் சாதிக் கொடுமை அதே கடுமையோடு தொடர்கிறது என்பதற்குப் போதிய சான்று காட்டப்படவில்லை என்று 1985-இல் அவருடைய மனு தள்ளப்பட்டது. பட்டியல் சாதித் தகுதியைச் சமயத்திலிருந்து பிரிக்கவேண்டும் என்று நீதிபதி ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007-இல் பரிந்துரைத்தது. இப்பொருளை ஆராய 2022-இல் நீதிபதி கே. ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் மற்றோர் ஆணையம் அமைக்கப்பட்டது.

இந்நிலையில், ஞாயிற்றுக்கிழமை ஒரு பெயர், சான்றிதழில் ஒரு பெயர் என்று வாழும் குடும்பங்கள் நம்மிடையே உண்டு. அவர்களைக் கல்லெறிய நான் வரவில்லை. பிள்ளையின் எதிர்காலத்தை ஒரு தட்டிலும் உண்மையை மறுதட்டிலும் வைத்து, ஏதேனும் ஒன்றை எடுத்துக்கொள் என்று ஏழையிடம் சொல்லும் ஆணையே முதற்குற்றவாளி. வயிறு நிறைந்தவர்கள் மேடையில் நின்று வாய்மையைப் போதிப்பதும் எனக்கு உவப்பில்லை.

ஆயினும் ஒன்று கேட்கிறேன். மறைத்து வாழும் வாழ்வு எத்தனை நாளைக்கு? ஆலயத்தில் பெயர் சொல்ல அஞ்சும் தகப்பனைக் கண்டு வளரும் பிள்ளை, விசுவாசத்தை அச்சத்தோடு சேர்த்தே கற்றுக்கொள்கிறது. அச்சம் நம் பழைய எஜமான். ஆகவே, வெளிப்படையாக நின்று இழப்பை ஏற்றுக்கொண்ட குடும்பங்களைச் சபை தனியே விட்டுவிடலாகாது. அவர்கள் பிள்ளைகளின் படிப்புச் செலவைச் சபையும் சங்கமும் பங்கிட்டுக்கொள்ளவேண்டும். கிறிஸ்தவப் பள்ளி, கல்லூரிகளின் சேர்க்கையிலும் பணியிடங்களிலும் அவர்களுக்கு முதலிடம் கேட்கவேண்டும். உண்மை பேசு என்று தனிமனிதனுக்குக் கட்டளையிட்டுவிட்டு, அவ்வுண்மையின் விலையை அவன் ஒருவனே செலுத்தும்படி விட்டால், சபை கற்பனையின் பாதியை மட்டுமே கைக்கொண்டதாகும். அதோடு, இவ்வுரிமையை மறைவாக அன்றி வெளிப்படையாக, ஒன்றுகூடி, சட்டத்தின் வழியே கேட்போம். அதுவும் சாட்சி சொல்லுதலே.

பிறனை நேசித்தல்

கற்பனைகள் அனைத்தும் இரண்டில் அடங்கும் என்றார் இயேசு: தேவனிடத்தில் முழு அன்பு, பிறனிடத்தில் தன்னைப்போல் அன்பு. அந்தப் பிறன் யார் என்று கேட்டவனுக்கு அவர் சொன்ன உவமையில், வழியில் அடிபட்டுக் கிடந்தவனின் சமயமோ குலமோ சொல்லப்படவில்லை.

1994 அக்டோபரில், செங்கற்பட்டு மாவட்டத்துக் காரணை பஞ்சமி நிலப் போராட்டத்தையொட்டிக் காவல்துறையினர் துப்பாக்கியால் சுட்டதில் இருவர் உயிரிழந்தனர். ஒருவர் பெயர் ஜான் தாமஸ். மற்றவர் பெயர் ஏழுமலை. எல்லைக்கல்லை நகர்த்தாதே என்ற கற்பனை மீறப்பட்டபோது, அதைக் கேட்கச் சென்றவர்களை ஒரே துன்பம் சேர்த்தது. நம் சேரியில் ஆலயத்திற்குப் போகிறவரும் உண்டு. கோயிலுக்குப் போகிறவரும் உண்டு. புத்தவிகாரைக்குப் போகிறவரும் உண்டு. நம் விசுவாசம் அவர்களிடமிருந்து நம்மைப் பிரிக்கும் சுவராகலாகாது. நம் சங்கத்தின் கல்வி உதவி நம் தெருவில் பிறந்த எந்தப் பிள்ளைக்கும் மறுக்கப்படலாகாது. சிறைக்காவலன் காயத்தைக் கழுவினான். காயத்திற்குச் சமயம் கேட்கவில்லை.

இளைஞர்களுக்கு

முடிவாக, இன்று முதல் செய்யக்கூடிய சிலவற்றைச் சொல்லி அமைகிறேன். கல்லூரியில் பயிலும் ஒவ்வொருவரும் வாரத்தில் இரண்டு மாலைகளை நம் தெருப் பிள்ளைகளின் பாடத்திற்குக் கொடுங்கள். சங்கத்தின் உதவியால் படித்து ஊதியம் பெறுகிறவர்கள், முதல் மாத ஊதியத்திலிருந்தே ஒரு பங்கை ஒரு பிள்ளையின் படிப்பிற்கென ஒதுக்குங்கள். மணம் முடிக்கும்போது வரதட்சணை கேளாதிருங்கள். கேட்கும் பெற்றோரைப் பணிவோடு தடுங்கள். நம் பெண்பிள்ளைகளின் படிப்பை எட்டாம் வகுப்போடும் பத்தாம் வகுப்போடும் நிறுத்தாதீர்கள். யூபிலியின் எக்காளம் குமாரத்திகளுக்கும் சேர்த்தே ஊதப்பட்டது. ஊரில் எவருக்கேனும் கூலி மறுக்கப்பட்டால், நிலம் பறிக்கப்பட்டால், மனு எழுதவும் உடன்செல்லவும் கற்றவன் முன்வரவேண்டும். வேதாகமத்தை நாள்தோறும் வாசியுங்கள்; எவர் பிடியிலிருந்து எவரைத் தேவன் விடுவித்தார் என்பதைக் கவனித்து வாசியுங்கள்.

இவற்றைச் செய்வதனால் நாம் இரட்சிக்கப்படுவோம் என்று நான் சொல்லவில்லை. இரட்சிக்கப்பட்டிருக்கிறோம், ஆகையால் இவற்றைச் செய்வோம் என்கிறேன். பட்டா நம் கையில் இருக்கிறது. அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளில் பொன்விழா வரும். அன்று இங்கே கூடப்போகிறவர்கள் இன்று தாயின் மடியில் இருக்கும் பிள்ளைகள். அவர்கள் உண்ணப்போகும் விளைச்சலுக்கு நாம் இப்பொழுதே ஏர் பூட்டவேண்டும்.

அடிமைத்தன வீட்டிலிருந்து நம்மை அழைத்துவந்த தேவன், தம் கற்பனைகளின் வழியில் நம்மை நடத்தி, நம் சங்கத்தையும் அதன் பிள்ளைகளையும் ஆசீர்வதிப்பாராக.